யெஸ் இயக்கம்: ரெஸில்மேனியாவின் முடிவை ரசிகர்கள் மாற்றிய விதம்

அமெரிக்கத் தொழில்முறை மல்யுத்த நிறுவனமான டபிள்யூ.டபிள்யூ.இ. ஆண்டுதோறும் நடத்தும் மிகப் பெரிய நிகழ்ச்சி ரெஸில்மேனியா. 2014ஆம் ஆண்டு அதன் இறுதிப் போட்டியில் ராண்டி ஆர்ட்டனும் பட்டிஸ்டாவும் மட்டுமே மோத வேண்டும் என்பதுதான் அவ்வாண்டு ஜனவரி முடிய டபிள்யூ.டபிள்யூ.இ. நிறுவனம் எடுத்திருந்த முடிவு. ஏப்ரல் 6 அன்று நியூ ஆர்லியன்ஸ் நகரின் சூப்பர்டோம் அரங்கில் அந்தப் போட்டி முடிந்தபோது, இரண்டு சாம்பியன் பெல்ட்டுகளையும் தலைக்கு மேல் உயர்த்தி நின்றவர் அந்த முடிவில் இடமே பெற்றிராத டேனியல் பிரையன். இடைப்பட்ட பத்து வாரங்களில் என்ன நடந்தது, அதற்கான விதை எப்போது விழுந்தது, ரசிகர்களின் கூச்சல் எந்த வழியாக ஒரு பெருநிறுவனத்தின் முடிவை மாற்றியது என்பதே இந்த ஆய்வின் பொருள்.

தொழில்முறை மல்யுத்தத்தில் வெற்றி தோல்வியை எழுத்தாளர் குழு முன்கூட்டியே தீர்மானித்துவிடுகிறது என்பதை இன்று யாரும் மறைப்பதில்லை. முடிவு எழுதப்பட்டுவிட்ட ஆட்டத்தில் ரசிகனுக்கு என்ன வேலை என்று இந்தக் கலையை அறியாதவர்கள் கேட்பதுண்டு. ஆனால் ரசிகனுக்கு இத்தனை அதிகாரம் உள்ள விளையாட்டு வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கிரிக்கெட்டில் அரங்கமே எதிர்த்துக் கத்தினாலும் விக்கெட் விழுந்தால் விழுந்ததுதான். மல்யுத்தத்திலோ ஒரு வீரர் உள்ளே நுழையும்போது எழும் சத்தம், அவர் பெயரில் விற்கும் டி-சர்ட், அவர் பெயரைப் போட்டால் நிரம்பும் இருக்கைகள் ஆகியவற்றைத் தவிர அவருடைய மதிப்பை அளக்க வேறு அளவுகோல் கிடையாது. நாயகன் என்று முன்னிறுத்தப்பட்டவரை அரங்கம் ஏசத் தொடங்கினால், எழுத்தாளர்கள் எழுதிய கதை அந்த இடத்திலேயே பொருளிழந்துவிடும்.

இதற்கு முன்னும் ரசிகர்கள் கதையின் போக்கைத் திருப்பியிருக்கிறார்கள். 1997 மார்ச் 23 அன்று சிகாகோவை அடுத்த ரோஸ்மான்ட்டில் நடந்த ரெஸில்மேனியா 13இல் வில்லனாக நுழைந்த ஸ்டீவ் ஆஸ்டின், முகமெல்லாம் ரத்தம் வழிய, பிரெட் ஹார்ட்டின் பிடியில் மயங்கும்வரை தோல்வியை ஒப்புக்கொள்ள மறுத்து, நாயகனாக வெளியேறினார். ஆட்டிட்யூட் காலம் என்று பின்னர் அழைக்கப்பட்ட காலத்தின் தொடக்கப்புள்ளியாகப் பலரும் அந்தப் போட்டியையே காட்டுகிறார்கள். ஆனால் அங்கே ரசிகர்கள் பல மாதங்களாக ஆஸ்டினுக்கு ஆரவாரம் செய்துவந்ததைக் கவனித்த நிறுவனம், தானே முன்வந்து அவர்கள் விருப்பத்துக்கு இசைந்து எழுதியது. 2013–14இல் நடந்தது வேறு வகை. தனக்குக் கேட்ட சத்தத்தை நிறுவனம் ஏற்க மறுத்தது, மாதக்கணக்கில் மறுத்தது, பிறகே பணிந்தது. இந்த நிகழ்வு தனியே ஆராயத் தக்கதாவது அந்த மறுப்பினால்தான்.

பதினெட்டு விநாடிகள்

வாஷிங்டன் மாநிலத்தின் அபர்டீன் என்ற சிறிய ஊரில் பிறந்த பிரையன் டேனியல்சன், ஷான் மைக்கேல்ஸ் நடத்திய பயிற்சிப் பள்ளியில் தொழில் கற்று, 2002இல் ரிங் ஆஃப் ஆனர் நிறுவனத்தின் முதல் நிகழ்ச்சியிலேயே முதன்மைப் போட்டியில் ஆடியவர். 2005 செப்டம்பர் முதல் 2006 டிசம்பர் வரை அந்நிறுவனத்தின் உலகச் சாம்பியனாக இருந்தார். சில நூறு பேர் அமரும் கூடங்களில் ஒரு மணிநேரம் வரை நீளும் போட்டிகளை ஆடி, உலகின் மிகச் சிறந்த தொழில்நுட்ப வீரர் என்று பெயரெடுத்த பிறகுதான், 2009இல் டபிள்யூ.டபிள்யூ.இ. அவரை ஒப்பந்தம் செய்து டேனியல் பிரையன் என்று பெயர் மாற்றியது. ஆறடியைத் தொடாத உயரமும் ஆர்ப்பாட்டமில்லாத தோற்றமும் கொண்ட அவர், பேருருவங்களையே நட்சத்திரங்களாக வளர்த்துப் பழகிய வின்ஸ் மெக்மேனின் நிறுவனத்துக்குள் ஒரு புறநடையாகவே நுழைந்தார். 2010 ஜூனில் ஒரு நேரலைத் தாக்குதல் காட்சியில் அறிவிப்பாளரின் கழுத்தை அவருடைய டையாலேயே நெரித்ததற்காக வேலையிலிருந்து நீக்கப்பட்டு, ஆகஸ்டில் மீண்டும் அழைத்துக்கொள்ளப்பட்டார்.

2011 டிசம்பரில் உலக ஹெவிவெயிட் பட்டத்தை வென்றபின் அவர் வில்லனாக மாற்றப்பட்டார். அற்ப வெற்றிகளைக்கூட உலகையே வென்றுவிட்டதைப்போல் கொண்டாடும் தற்பெருமைக்காரன் என்பது அவருக்குத் தரப்பட்ட பாத்திரம். இரு கைகளின் சுட்டுவிரல்களையும் வானத்தை நோக்கி உயர்த்தி, உயர்த்தி இறக்கி, 'யெஸ்! யெஸ்! யெஸ்!' என்று கத்தியபடி வளையத்தைச் சுற்றி வருவார். கலப்புத் தற்காப்புக் கலை வீரர் டியேகோ சான்செஸ் களத்துக்கு நடந்துவரும் பாணியிலிருந்து அதை எடுத்துக்கொண்டதாக அவரே சொல்லியிருக்கிறார். அதைப் பார்த்து ரசிகர்கள் எரிச்சலடைய வேண்டும் என்பதுதான் நோக்கம்.

2012 ஏப்ரல் 1 அன்று மயாமியில் ரெஸில்மேனியா 28 தொடங்கியபோது முதல் போட்டியே பிரையனுடையது. மணி அடிப்பதற்கு முன் அவர் தம் காதலி பாத்திரத்தில் நடித்த ஏ.ஜே. லீயை முத்தமிட்டுத் திரும்பினார். திரும்பிய முகத்தில் எதிராளி ஷேமஸின் உதை விழுந்தது. பதினெட்டு விநாடிகளில் போட்டி முடிந்து பட்டம் கைமாறியது. ஆண்டின் மிகப் பெரிய மேடையில், அந்த நிறுவனத்திலேயே மிகத் திறமையான வீரர் என்று தாங்கள் கருதிய ஒருவரின் போட்டியைப் பார்க்க வந்திருந்தவர்களுக்கு இது தங்களையே அவமதித்ததாகப் பட்டது. எஞ்சிய இரவு முழுவதும், பிரையனுக்குச் சம்பந்தமே இல்லாத போட்டிகளின் நடுவிலும் அவர் பெயர் ஒலித்தது. மறுநாள் அதே நகரில் நடந்த ரா என்ற வாராந்திரத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் 'யெஸ்' கோஷம் அரங்கத்தை நிறைத்தது. எரிச்சலூட்டுவதற்காக ஒரு வில்லனுக்குக் கொடுக்கப்பட்ட சைகையை ரசிகர்கள் தங்களுடையதாக்கிக்கொண்டது அந்த இரண்டு இரவுகளில்தான். அப்படி நடக்கட்டும் என்று யாரும் எழுதிவைக்கவில்லை.

அந்தக் கோஷத்தின் அமைப்பையும் இங்கே கவனிக்க வேண்டும். ஓரசைச் சொல்; கூடவே ஒரு கையசைவு. மொழி தெரியாத குழந்தைகூட ஒருமுறை பார்த்தால் செய்துவிடலாம். பேச்சின் நடுவிலும் போட்டியின் நடுவிலும், யாருக்கு எதிராகவும் எழுப்பலாம். பத்தாயிரம் பேர் ஒரே நேரத்தில் கைகளை உயர்த்துவது தொலைக்காட்சியில் பார்ப்பவர்களுக்குக் கண்ணாலேயே தெரியும். ஒலியைக் குறைத்து மட்டும் அதை மறைத்துவிட முடியாது.

மறுக்கப்பட்ட பட்டம்

அடுத்த ஓராண்டு நிறுவனம் பிரையனைக் கேன் என்ற வீரருடன் இணைத்து, கோபத்தை அடக்கும் வகுப்புகள் போன்ற நகைச்சுவைக் காட்சிகளில் பயன்படுத்தியது. அந்த இணை எதிர்பாராத அளவுக்கு வெற்றி பெற்று, 2012 செப்டம்பர் முதல் எட்டு மாதங்கள் இணைச் சாம்பியன் பட்டத்தை வைத்திருந்தது. 2013 கோடையில் முழங்கைக் காயத்துடன் ஓய்வுக்குச் செல்லவிருந்த ஜான் சீனா, சம்மர்ஸ்லாம் நிகழ்ச்சியில் தம் எதிராளியாகப் பிரையனைத் தேர்ந்தெடுத்தார். ஆகஸ்ட் 18 அன்று லாஸ் ஏஞ்சலஸில் பிரையன் எந்தக் குறுக்குவழியும் இன்றி சீனாவை வீழ்த்தினார். நிறுவனத்தின் முகமாக விளங்கியவரிடம் அப்படியொரு வெற்றி பெறுவது அரிது. அடுத்த சில நிமிடங்களில், சிறப்பு நடுவராக இருந்த டிரிபிள் எச் அவரைத் தாக்கினார்; எந்த நேரத்திலும் பட்டத்துக்குச் சவால் விடும் ஒப்பந்தத்தைக் கையில் வைத்திருந்த ஆர்ட்டன் வந்து பட்டத்தைத் தட்டிச் சென்றார்.

இதுவரை எல்லாம் எழுதப்பட்ட கதையே, நல்ல கதையும்கூட. அதிகாரத்தில் இருக்கும் தம்பதியாக நடித்த டிரிபிள் எச்சும் ஸ்டெஃபனி மெக்மேனும் பிரையனை 'பி பிளஸ் வீரர்' என்று வாராவாரம் இழிவுபடுத்தினார்கள். செப்டம்பர் 15 அன்று அவர் பட்டத்தை வென்றார். நடுவர் வேகமாக எண்ணினார் என்று சொல்லி மறுநாளே பறித்தார்கள். அக்டோபர் 6 அன்று போட்டி முடிவின்றிக் கலைக்கப்பட்டது. அக்டோபர் 27 அன்று, அவருக்குத் தொழில் கற்பித்த ஷான் மைக்கேல்ஸே நடுவராக நின்று அவரை உதைத்து வீழ்த்த, ஆர்ட்டன் சாம்பியனானார். நாயகனுக்கு நீதி மறுக்கப்படுவதும், ரசிகர்களின் ஆதங்கம் வளர்வதும், இறுதியில் அவன் வெல்வதும் மல்யுத்தக் கதைமரபின் அடிப்படை. மரபுப்படி அடுத்து வர வேண்டியது பிரையனின் வெற்றி.

அது வரவில்லை. நவம்பரில் நடந்த சர்வைவர் சீரீஸில் ஆர்ட்டனுக்கு எதிரே நிறுத்தப்பட்டவர் பிக் ஷோ. பிரையனோ சி.எம். பங்க் என்ற வீரருடன் சேர்ந்து, வயட் குடும்பம் என்ற வில்லன் குழுவுக்கு எதிராக வேறொரு கதையில் ஆடிக்கொண்டிருந்தார். டிசம்பரில் இரு உலகப் பட்டங்களையும் ஒன்றாக்கும் போட்டி அறிவிக்கப்பட்டபோது அதில் இருந்தவர்கள் ஆர்ட்டனும் சீனாவும். 'எல்லாம் முன்பே திட்டமிட்டதுதான்' என்ற வாதத்தைப் பின்னர் எடுத்துக்கொள்கிறேன். அதை எடைபோடும்போது முதலில் நினைவில் நிற்க வேண்டியது இந்த விலக்கமே.

சியாட்டிலில் ஓர் இரவு

2013 டிசம்பர் 9. சியாட்டிலின் கீ அரினாவில் ரா நேரலையாக ஒளிபரப்பாகிறது. இரு பட்டங்களும் இணையவிருப்பதைச் சிறப்பிக்க, முன்னாள் உலகச் சாம்பியன்களை வளையத்துக்குள் வரிசையாக நிறுத்தி, நடுவே ஆர்ட்டனையும் சீனாவையும் நிற்கவைத்து, டிரிபிள் எச் உரையாற்ற வேண்டும் என்பது நிகழ்ச்சி நிரல். பிரையனும் அந்த வரிசையில், பின்னால் ஒருவராக நிற்கிறார். அவருக்கு அந்தக் காட்சியில் வசனம் இல்லை.

சியாட்டில் இருப்பது அவருடைய சொந்த மாநிலத்தில். டிரிபிள் எச் பேசத் தொடங்கியதும் அரங்கம் 'டேனியல் பிரையன்' என்று முழங்குகிறது. அவர் நிறுத்துகிறார், முழக்கமும் தணிகிறது. மீண்டும் பேச முயல்கிறார். மீண்டும் முழக்கம் எழுகிறது. பின்னால் நிற்கும் முன்னாள் சாம்பியன்களின் முகங்களில் புன்னகை பரவுகிறது. பிரையனின் அருகே நிற்கும் மார்க் ஹென்றி அவருடைய கையைப் பிடித்து உயர்த்திக் காட்ட, அரங்கம் 'யெஸ்' என்று வெடிக்கிறது. பிரையன் தலையைக் குனிந்துகொள்கிறார். வளையத்தின் நடுவே சாம்பியன் பெல்ட்டுடன் நிற்கும் ஆர்ட்டன், தம்மைப் பற்றிய விழாவில் தம்மையே யாரும் பார்க்காமல் இருப்பதைச் சகித்தபடி காத்திருக்கிறார். நேரலை என்பதால் வெட்டவும் வழியில்லை, திருத்தவும் வழியில்லை.

இந்தக் காட்சியைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் என்னைக் கவர்வது அந்தக் கூட்டத்தின் ஒழுங்குதான். அவர்கள் ஆர்ட்டனை ஏசவில்லை, சீனாவையும் ஏசவில்லை. வேறொருவரின் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள், அவ்வளவுதான். ஏச்சாக இருந்திருந்தால் எழுத்தாளர்கள் அதை வில்லனுக்குக் கிடைத்த வரவேற்பாகக் கணக்கில் எழுதியிருப்பார்கள். இந்த ஒலியை எந்தக் கணக்கிலும் சேர்க்க முடியவில்லை.

ஆனாலும் திட்டம் மாறவில்லை. ஆறு நாட்களுக்குப்பின் ஹூஸ்டனில் ஆர்ட்டன் சீனாவை வென்று இரு பட்டங்களையும் பெற்றார். ஆண்டின் கடைசி ரா நிகழ்ச்சியில் பிரையன் சோர்ந்துபோய் வயட் குடும்பத்தில் சேர்வதாக எழுதப்பட்டது. அவரை மீண்டும் வில்லனாக்கினால் கோஷம் அடங்கிவிடும் என்று எண்ணியிருக்கலாம். ஜனவரி முதல் வாரத்தில், மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து அரங்கில், ரோஸ் பௌல் போட்டியில் வென்று திரும்பிய அமெரிக்கக் கால்பந்து அணியைப் பாராட்டியபோது கூடியிருந்த மொத்தக் கூட்டமும் கைகளை உயர்த்தி 'யெஸ்' என்று முழங்கிய காட்சி நாடெங்கும் பரவியது. மல்யுத்தத்தைப் பார்க்காதவர்களிடமும் அந்தச் சைகை போய்ச் சேர்ந்துவிட்டது. அடுத்த வாரம், ஜனவரி 13 அன்று பிராவிடன்ஸ் நகரில், பிரையன் அந்தக் குழுவின் தலைவர் பிரே வயட்டைத் தாக்கிவிட்டு இரும்புக்கூண்டின் உச்சியில் அமர்ந்து கைகளை உயர்த்தியபோது, அரங்கத்தின் கடைசி வரிசை வரை கைகள் உயர்ந்தன. இரண்டே வாரங்களில் அந்த வில்லன் கதை கைவிடப்பட்டது.

பிட்ஸ்பர்க்கில் உடைந்த திட்டம்

ராயல் ரம்பிள் என்பது முப்பது வீரர்கள் ஒருவர்பின் ஒருவராக வளையத்துக்குள் நுழையும் போட்டி. வெல்பவருக்கு ரெஸில்மேனியாவில் பட்டத்துக்கு மோதும் உரிமை கிடைக்கும். 2014 ஜனவரி 26 அன்று பிட்ஸ்பர்க்கில் நடந்த ரம்பிளின் முதல் போட்டியில் பிரையன் வயட்டிடம் தோற்றார். மிக நல்ல போட்டி, யாரும் குறைசொல்லவில்லை. அவர் பின்னர் ரம்பிளிலும் நுழைவார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். நடுவில் நடந்த ஆர்ட்டன்–சீனா பட்டப்போட்டி பிரையனின் பெயர் முழக்கத்திலேயே மூழ்கிப்போனது.

ரம்பிளில் ஒவ்வொரு எண்ணாக நுழைந்தார்கள். எஞ்சியது முப்பதாவது எண் மட்டும். கடிகாரம் பூஜ்யத்தைத் தொட்டதும் ஒலித்தது ரே மிஸ்டீரியோவின் இசை. பல்லாண்டுகளாகக் குழந்தைகளும் பெரியவர்களும் ஒருசேரக் கொண்டாடிய அந்த வீரரை, அவர் செய்யாத குற்றத்துக்காக, அரங்கம் முழுவதும் ஏசியது. அவர் பிரையன் இல்லை என்பது மட்டுமே காரணம். கடைசியில் எஞ்சியவர்கள் பட்டிஸ்டாவும் ரோமன் ரெய்ன்ஸும். ஒரு வாரத்துக்கு முன்புதான் நான்கு ஆண்டுகள் கழித்து நாயகனாகத் திரும்பியிருந்த பட்டிஸ்டா வென்றபோது, அவருக்குக் கிடைத்தது ஏச்சு மட்டுமே. அவரைத் தோற்கடிக்கட்டும் என்று கூட்டம் ரெய்ன்ஸுக்கு ஆரவாரம் செய்தது. முன்னாள் சாம்பியன் மிக் ஃபோலி, நிறுவனம் தன் சொந்த ரசிகர்களையே வெறுக்கிறதா என்று அன்றிரவே பொதுவெளியில் கேட்டார்.

மறுநாள் கிளீவ்லாந்தில் சி.எம். பங்க் நிறுவனத்தைவிட்டே வெளியேறினார். ரெஸில்மேனியாவில் தமக்கும் டிரிபிள் எச்சுக்கும் போட்டி திட்டமிடப்பட்டிருந்ததைப் பின்னர் அவரே வெளிப்படுத்தினார். பிரையனுக்கு அங்கே ஒதுக்கப்பட்டிருந்தது ஷேமஸுடன் ஒரு சாதாரணப் போட்டி. இப்போது டிரிபிள் எச்சுக்கு எதிராளி இல்லை. இறுதிப் போட்டியின் நாயகனை யாரும் நாயகனாக ஏற்கவில்லை. ரசிகர்கள் விரும்பிய வீரரோ கையருகே காத்திருந்தார்.

இதற்குள் இன்னொரு காரணமும் சேர்ந்திருந்தது. என் கணிப்பில் அதற்கும் சம பங்கு உண்டு. அதுவரை ரெஸில்மேனியாவைத் தொலைக்காட்சியில் பார்க்க ஒருவர் 60 டாலரை ஒட்டிய கட்டணம் செலுத்தினார். பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் பணம் வந்துவிடும். பிப்ரவரி 24 அன்று நிறுவனம் மாதம் 9.99 டாலருக்குத் தன் சொந்த இணைய ஒளிபரப்புச் சேவையைத் தொடங்கியது. அதில் முதன்முதலாக வரவிருந்த பெரிய நிகழ்ச்சி இந்த ரெஸில்மேனியாதான். ஒருமுறை பணம் கொடுப்பவர்களை நம்பிய தொழில், தொடர்ந்து சந்தா கட்டுபவர்களை நம்பும் தொழிலாக மாறிக்கொண்டிருந்தது. கோபித்துக்கொண்டு போகும் ரசிகனுக்கு முன்னெப்போதும் இல்லாத விலை ஏற்பட்டது. அரங்கத்தில் கேட்ட சத்தத்தை அலுவலகக் கணக்கில் எண்களாக மாற்றியது இந்தச் சேவைதான்.

மார்ச் 3 அன்று ரா சிகாகோவுக்கு வந்தது. அது பங்கின் ஊர். கூட்டம் நிகழ்ச்சியையே கைப்பற்றிவிடும் என்ற அச்சம் இருந்தது. நிகழ்ச்சி பங்கின் நுழைவு இசையுடன் தொடங்கியது. அரங்கம் எழுந்து நின்றபோது வெளியே வந்தவர் பங்கின் மேலாளராக இருந்த பால் ஹேமன். கூட்டத்தின் எதிர்ப்பை முன்கூட்டியே கதைக்குள் இழுத்து அதன் வேகத்தைத் தணிக்கும் வித்தையை நிறுவனம் கற்றுக்கொண்டுவிட்டதை அந்த நிமிடங்கள் காட்டின. அடுத்த வாரம் அதே வித்தை முழு அளவில் அரங்கேறியது.

மார்ச் 10, மெம்ஃபிஸ். பிரையன் ரசிகர்களை அழைக்க, யெஸ் டி-சர்ட் அணிந்தவர்கள் திரளாகத் தடுப்பைத் தாண்டிவந்து வளையத்தையும் அதன் விளிம்புகளையும் நிரப்பி நின்றார்கள். தனக்கு டிரிபிள் எச்சுடன் போட்டி வேண்டும், அதில் வென்றால் இறுதிப் போட்டியிலும் இடம் வேண்டும் என்று பிரையன் கோரினார். இடத்தைக் காலிசெய்ய மறுத்த கூட்டத்தின் முன் கத்திக் கத்திப் பார்த்த டிரிபிள் எச், கடைசியில் இணங்கினார். அந்தக் கூட்டம் நிறுவனத்தின் ஏற்பாட்டின்படிதான் உள்ளே வந்தது. பாதுகாவலர்கள் நிற்கும் நேரலை நிகழ்ச்சியில் வேறு விதமாக அது நடக்க முடியாது. ஆனால் நான்கு மாதங்களாக அரங்கங்களில் உண்மையாக நடந்ததைத்தான் அந்தக் காட்சி நடித்துக்காட்டியது. நிறுவனம் தன் தோல்வியையே திரைக்கதையாக எழுதி, அதிகாரியாக நடித்தவரின் வாயாலேயே ஒப்புக்கொள்ள வைத்தது. மல்யுத்தக் கதைசொல்லலில் இதைவிட நேர்மையான காட்சியை நான் பார்த்ததில்லை.

சூப்பர்டோம்

அரங்கில் 75,167 பேர் இருந்ததாக நிறுவனம் அறிவித்தது. இரவைத் தொடங்கிவைத்தது டிரிபிள் எச்–பிரையன் போட்டி. ஏறத்தாழ 26 நிமிடங்களுக்குப்பின் பிரையன் ஓடிவந்து முழங்காலால் தாக்கி வென்றார்; உடனே டிரிபிள் எச் அவருடைய தோளை நாற்காலியால் தாக்கினார். இரவின் பிற்பகுதியில், ரெஸில்மேனியாவில் 21 முறை ஆடி ஒருமுறையும் தோற்காத அண்டர்டேக்கரை பிராக் லெஸ்னர் வீழ்த்தினார். அரங்கம் உறைந்துபோனது, கண்ணீருடனும் திறந்த வாயுடனும் நின்ற முகங்களைக் கேமரா ஒவ்வொன்றாகக் காட்டியது. அந்தத் துக்கத்துக்குப்பின் இறுதிப் போட்டி வர வேண்டியிருந்தது.

ஆர்ட்டனும் பட்டிஸ்டாவும் சேர்ந்து பிரையனை வர்ணனையாளர் மேசைமீது வீசி உடைத்தார்கள். ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோகப்பட்டவர் பாதி வழியில் இறங்கித் திரும்பிவந்தார். செப்டம்பரில் வேகமாக எண்ணி அவர் பட்டத்தைப் பறிகொடுக்கக் காரணமான அதே நடுவர் இம்முறையும் ஓடிவந்தார், இம்முறை பலிக்கவில்லை. பட்டிஸ்டா பிரையனின் பிடியில் சிக்கித் தரையைத் தட்டி ஒப்புக்கொண்டபோது, அரைமணி முன்பு சோர்ந்திருந்த எழுபதாயிரம் பேர் கைகளை உயர்த்தி இறக்கிக்கொண்டிருந்தார்கள். ராயல் ரம்பிளில் பட்டிஸ்டாவை நாயகனாக ஏற்க மறுத்தவர்கள், அவரை வில்லனாக வீழ்த்தி அனுப்பும் இன்பத்தையும் பெற்றுக்கொண்டார்கள். மறுநாள் இணையச் சேவையின் சந்தாதாரர் எண்ணிக்கை 667,287 என்று நிறுவனம் அறிவித்தது.

முன்பே திட்டமிட்டதா?

சம்மர்ஸ்லாம் முதல் சூப்பர்டோம் வரை எல்லாம் ஒரே கதை, ரசிகர்களின் கோபமும் அதில் ஓர் அங்கம் என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. பின்னோக்கிப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். அந்த அளவுக்கு இறுதி வாரங்கள் நன்றாக எழுதப்பட்டன. ஆனால் நவம்பரில் பிரையனைப் பட்டக் கதையிலிருந்து எடுத்ததும், டிசம்பரில் சியாட்டிலின் முழக்கத்துக்குப் பதில் இல்லாமல் நின்றதும், நாயகனாகக் கொண்டுவந்த பட்டிஸ்டாவை ஏச்சுக்கு உள்ளாக்கியதும் அந்த வாதத்துக்குள் அடங்கவில்லை. திட்டமிட்டே ஒரு நிறுவனம் தன் விலையுயர்ந்த நட்சத்திரத்தைத் திரும்பிய வாரத்திலேயே பாழாக்காது.

ரசிகர்கள் மட்டுமே சாதித்தார்கள் என்பதும் அரைகுறையான விளக்கம். பங்க் வெளியேறாமல் இருந்திருந்தால் டிரிபிள் எச்சுக்கு எதிராளி இருந்திருப்பார்; பிரையனுக்கு உள்ளே நுழைய வாசல் இருந்திருக்காது. முழக்கம் மாதக்கணக்கில் கதவைத் தட்டியது. கதவு திறந்தது அரங்கத்துக்கு வெளியே நடந்தவற்றால். அதேசமயம், தட்டிக்கொண்டே இருந்திராவிட்டால், திறந்த கதவின் முன் நிற்பதற்குப் பிரையன் இருந்திருக்கமாட்டார். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவர்களுக்கே இந்த நிகழ்வு புரியும்.

பிறகு நடந்தவை

அந்த வெற்றியை அனுபவிக்கப் பிரையனுக்குக் காலம் வாய்க்கவில்லை. அதே மாதத்தில் திருமணமும், சில நாட்களில் தந்தையின் மறைவும் நிகழ்ந்தன. மே மாதம் கழுத்தில் அறுவைச் சிகிச்சை; ஜூன் 9 அன்று பட்டம் காலியானதாக அறிவிக்கப்பட்டது.

2015 ஜனவரி 25 அன்று பிலடெல்ஃபியாவில் நடந்த ராயல் ரம்பிளில் குணமாகித் திரும்பிய அவர் பத்தாவதாக நுழைந்து, சிறிது நேரத்திலேயே வெளியேற்றப்பட்டார். அதன்பின் எஞ்சிய போட்டி முழுவதையும் கூட்டம் நிராகரித்தது. வென்ற ரோமன் ரெய்ன்ஸின் கையை உயர்த்த வந்த, முன்னாள் சாம்பியனும் திரைநட்சத்திரமுமான ராக்குக்கும் ஏச்சு கிடைத்தது. ஓராண்டுக்கு முன் பட்டிஸ்டாவுக்கு எதிராக இதே ரெய்ன்ஸைத்தான் ரசிகர்கள் கொண்டாடியிருந்தார்கள். அன்றிரவே இணையச் சேவையின் சந்தாவை ரத்துசெய்யும் பிரசாரம் சமூக ஊடகங்களில் முன்னிலைக்கு வந்தது. ஆனால் நிறுவனம் இம்முறை விட்டுக்கொடுக்கவில்லை. ரெய்ன்ஸ் 2015 முதல் 2018 வரை தொடர்ந்து நான்கு ரெஸில்மேனியாக்களின் இறுதிப் போட்டியில் ஆடினார். அவர்மீதான வெறுப்பு ஆரவாரமாக மாறுவதற்கான பாதை 2020 ஆகஸ்டில், பெருந்தொற்றால் பார்வையாளர் இல்லாத அரங்கத்தில் அவர் வில்லனாகத் திரும்பியபோதே தொடங்கியது. ஏசுவதற்கு ஒருவரும் இல்லாத இடத்தில் அந்தப் பாத்திரம் உருவாக நேரம் கிடைத்தது என்பது என் எண்ணம்.

மகளிர் பிரிவில் விளைவு விரைவாகவும் நிலையாகவும் வந்தது. 2015 பிப்ரவரி 23 அன்று ராவில் நால்வர் ஆடிய மகளிர் போட்டி அரைநிமிட அளவிலேயே முடிந்தது. வீராங்கனைகளுக்கு வாய்ப்புக் கேட்டு எழுந்த குரல் ஒரு நாளுக்கு மேல் சமூக ஊடகங்களில் ஓயாமல் இருக்க, 'உங்கள் குரல் கேட்கிறது' என்று வின்ஸ் மெக்மேனே பதிலளித்தார். அவ்வாண்டு ஜூலையில் சார்லட், பெக்கி லிஞ்ச், சாஷா பேங்க்ஸ் மூவரும் முதன்மை நிகழ்ச்சிக்குக் கொண்டுவரப்பட்டார்கள். 2019இல் ரெஸில்மேனியாவின் இறுதிப் போட்டியே மகளிர் போட்டியாக அமைந்தது.

அதே 2019 ரெஸில்மேனியாவில், ஓய்வறிவித்து மருத்துவர்களின் அனுமதியுடன் திரும்பியிருந்த பிரையன் வில்லன் சாம்பியனாக நின்றார். பதினோரு ஆண்டுகள் நடுத்தர இடத்திலேயே இருந்த கோஃபி கிங்ஸ்டன், காயமடைந்த இன்னொரு வீரருக்கு மாற்றாக வந்து ஒரு தொடர்போட்டியில் நெடுநேரம் தாக்குப்பிடித்ததைப் பார்த்த ரசிகர்கள் அவருக்காகக் குரல் எழுப்ப, நிறுவனம் சில வாரங்களிலேயே கதையை மாற்றி எழுதியது. கோஃபி வென்ற பட்டம் பிரையனிடமிருந்து பெற்றது.

2024 பிப்ரவரி 2 அன்று, ராயல் ரம்பிளை வென்ற கோடி ரோட்ஸ் ரெய்ன்ஸுடன் மோதும் வாய்ப்பை ராக்குக்கு விட்டுக்கொடுப்பதாகக் காட்சி ஒளிபரப்பானபோது, ரசிகர்களின் எதிர்ப்பு அன்றிரவே தொடங்கியது. நிறுவனத்தின் கதைப்பொறுப்பு அப்போது டிரிபிள் எச்சிடம் இருந்தது. மெம்ஃபிஸில் கூட்டத்தின் முன் நின்று கத்தியவர் அவர்தான். பிப்ரவரி 8 அன்று லாஸ் வேகாஸில் நடந்த பத்திரிகையாளர் சந்திப்பிலேயே ரோட்ஸ் தம் இடத்தைத் திரும்பக் கோரினார். ராக் வில்லனாக மாறினார். ஏப்ரல் 7 அன்று பிலடெல்ஃபியாவில் ரோட்ஸ் ரெய்ன்ஸை வென்றார். பிரையனுக்காக அரங்கங்கள் மாதக்கணக்கில் முழங்க வேண்டியிருந்தது. ரோட்ஸுக்கு ஆறு நாட்கள் போதுமானதாக இருந்தன.